சோளக்காட்டுக்கு முதுகு காட்டி

"மார்கழி, செவ்வாய். காலையில் போன். தம்பியை நாய் கடித்துவிட்டது. வலது தோள். கோவைக்குக் கொண்டு வருகிறார்கள்."

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. சாயங்காலம் 'நாய்' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே 'சிறுத்தை' என்று எழுதியிருக்கிறேன். அடித்த சொல்லை இன்றும் படிக்க முடிகிறது. முதலில் தெரிந்ததும் பிறகு தெரிந்ததும் இரண்டுமே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது என் வழக்கம்.

போனில் பேசியவள் தம்பியின் மனைவி. என்னை நங்கையா என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் கணவனின் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நங்கையா, அவுங்கள நாய் கடிச்சுப்போட்டுதுங்க. ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுங்க."

"எங்க கடிச்சிருக்குது கண்ணு?"

"தோள்லீங்க. முதுகு, கையி, எல்லாப் பக்கமுங்க."

நின்றுகொண்டிருக்கும் ஆளை நாய் எப்படித் தோளில் கடிக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடுப்பை அணைத்தேன். மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்தேன். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்தேன். பதற்றம் என்று எதுவும் வரவில்லை. அது வழியில் எங்காவது வந்து சேரும் என்று நினைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாய் என்று அவள் சொன்னதில் தவறில்லை. தம்பியின் தோட்டம் பல்லடத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கண்ணுக்கு எட்டியவரை காற்றாலை, கோழிப்பண்ணை, தறிக்குடோன், நடுநடுவே சோளக்காடு. மலை என்பது மழை ஓய்ந்த நாட்களில் தெற்கே நீலமாகத் தெரியும் ஒரு கோடு. அந்த ஊரில் பட்டியில் ஆடு செத்துக் கிடந்தால் நாய். பண்ணையின் கம்பிவலை கிழிந்திருந்தால் அதுவும் நாய். கார்த்திகையிலேயே பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் ஆட்டுக்குட்டிகள் சில காணாமல் போயின. ஊரார் கூடிப் பேசி, தெருவில் திரிந்த ஒரு செவலை நாயைக் குற்றவாளியாக்கினார்கள். பெரியவரே அதைச் சாக்கில் கட்டி, மொபெட்டில் வைத்து, பொங்கலூர் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் குட்டிகள் போயின. நாய் திரும்பி வந்துவிட்டது, ஆனால் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

பல்லடத்தில் முதலில் பார்த்த மருத்துவர், வெறிநாய்க்கடிக்கான ஊசியைப் போட்டுவிட்டுத்தான் காயத்தைக் கழுவினாராம். கழுவியதும் நிறுத்தினாராம்.

"நாய்தானா? யாரு பாத்தீங்க?"

யாரும் பார்க்கவில்லை.

"நீங்க பாக்கலையா?"

"நான் திரும்பி நின்னுட்டிருந்தனுங்க" என்றானாம் தம்பி.

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. வனத்துறைக்குப் போன் செய்தார். கோவைக்கு அனுப்பிவைத்தார். சாயங்காலம் வனத்துறையிலிருந்து சிறுத்தை என்று சொன்னார்கள்.

தம்பி தறி ஓட்டுகிறவன். தோட்டத்து ஓரத்தில் சொந்தமாகச் சின்னக் குடோன். அவனும் மனைவியும்தான் வேலையாட்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு ஓடித் தீர்ந்து புதுப் பாவு வரும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையோடு முடிச்சுப் போட்டுச் சேர்க்க வேண்டும். பாவு பிணைப்பது என்பார்கள். வெளியே அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். இவன் யாரையும் கூப்பிடமாட்டான். இடது கையால் இழையை எடுத்துக் கொடுக்க, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை வாங்கி உருட்டி முடிச்சாக்கும். அந்த நேரத்தில் அவன் வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான், சிரிப்பான், யாரையாவது கேலி செய்வான். கண் அங்கே தேவைப்படாது. கடிபட்டது அந்தக் கையின் தோள்.

நடந்ததை அவன் அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் சொன்னான். ஒரே முறைதான் முழுதாகச் சொன்னான். அப்புறம் யார் கேட்டாலும், "ஏதோ ஆகிப்போச்சுங்க" என்பதோடு சரி.

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்துவிட்ட நேரம். கரண்ட் இல்லை, அதனால் தறி நின்றிருந்தது. சோளத்துக்குச் சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு வரலாம் என்று போனான். பயிர் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு. காட்டு வரப்பில் நின்று வால்வைத் திருகும்போது, உள்ளே கொஞ்ச தூரத்தில் சோளத்தட்டு அசைந்தது. காற்று இல்லை. ஓர் இடத்தில் மட்டும் அசைந்தது, நின்றது, திரும்ப அசைந்தது.

"நான் என்ன நெனச்சேன்னா, மாமா உக்காந்திருக்கறாருன்னு நெனச்சனுங்க்கா."

மாமா என்றது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரை. உறவு கிடையாது, முறை வைத்துக் கூப்பிடுவது. அவர் வீட்டில் பளிங்குக்கல் பதித்த கழிப்பறை இருக்கிறது. இருந்தாலும் விடிகாலையில், வெடியால என்போம், அவருக்குச் சோளக்காடுதான். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியாதபடி ஊர் நடந்துகொள்ளும்.

எனவே தம்பி என்ன செய்வானோ அதைச் செய்தான். தொண்டையைச் செருமினான், ஆள் இருக்கிறது என்று தெரியட்டும் என்று. பிறகு சோளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். பெரியவர் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தான். பின்னால் தட்டு சரசரத்தது. அவர் எழுந்துவிட்டார் என்று நினைத்தான். அப்போதும் திரும்பவில்லை.

"ஏனுங்க, ஒருதரம் திரும்பிப் பாத்திருக்கலாமுங்களே" என்றாள் அவன் மனைவி, கட்டிலின் காலடியில் நின்றபடி.

"எப்படிப் பாக்கறது? பெரிய மனுசன் வேட்டியத் தூக்கிட்டு எந்திரிக்கற நேரத்துல?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அது கேட்கக்கூடிய கேள்வியே இல்லை என்பதுபோலச் சொன்னான்.

மேலே பாய்ந்த கனத்தில் குப்புற விழுந்தான். வாயில் ஈரமண். வலி தெரியவில்லை. சூடான மூச்சும் ஒரு நாற்றமும் தெரிந்தன. கத்தினானா என்பது நினைவில் இல்லை. அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. குடோனில் இருந்த மனைவி ஒன்றும் தெரியாமல் தறிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். தறிச்சத்தம் கிளம்பியதும் மேலே இருந்த கனம் இறங்கிப் போயிற்று. தறிச்சத்தத்தால்தான் போயிற்று என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அவன் அப்படிச் சொல்லவில்லை. "சத்தம் வந்துச்சு. அது போயிருச்சு" என்றுதான் சொன்னான். நானும் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

இளவயதிலிருந்தே நூலகத்தில் வேட்டைக்காரர்கள் எழுதிய புத்தகங்களை விரும்பி எடுத்துப் படித்திருக்கிறேன். அவற்றில் ஒரு கணம் வரும். விலங்கும் மனிதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எழுதுகிறவர் அந்தக் கணத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்குவார். விலங்கின் கண், அதன் நிறம், அதில் என்ன தெரிந்தது என்றெல்லாம். கட்டிலின் அருகே உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கங்களை நினைத்துக்கொண்டேன். தம்பிக்கு அந்தக் கணம் கிடைக்கவில்லை. தன்னைக் கடித்ததை அவன் பார்க்கவே இல்லை.

அவன் அதை முதலில் பார்த்தது மருத்துவமனையில், இன்னொருவருடைய போனில்.

பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி, வாயாடி, நல்ல மனசுக்காரி. வார்டில் யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, எங்களைத் தவிர. நாங்கள் அன்றைக்குத்தான் அந்த வார்டுக்கு வந்திருந்தோம். போனைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க அம்மணி, பல்லடத்துப் பக்கம் சோளக்காட்டுக்குள்ள சிறுத்தையாமா. காலங்கெட்டுப் போச்சுங்க. ஆளயே கடிச்சுப்போட்டுதாமா. அந்த ஆளு இருக்கறானோ போய்ட்டானோ."

"இருக்கறானுங்க" என்றான் தம்பி.

அந்த அம்மாள் அவன் தோள் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "ஐயோ சாமி" என்று சொல்லிவிட்டுப் போனை அவன் மடியில் வைத்துவிட்டார்.

தொலைக்காட்சிக்காரர்கள் மேலிருந்து படம் எடுத்திருந்தார்கள். பச்சையான சதுரம், அதன் ஓரத்தில் தகரக்கூரை. குடோன் என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சுற்றி வலை, வனத்துறை ஆட்கள், அவர்களைவிட அதிகமாக வேடிக்கை பார்க்க வந்தவர்கள். வண்டிகளைக் காட்டுக்குள்ளேயே ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஆட்கள் நிற்க நிற்கப் பச்சை சதுரத்தின் ஓரங்கள் மண்ணாகிக்கொண்டே வந்தன.

"வடக்காலப் பக்கம் நல்ல கதிருங்க்கா" என்றான். "அங்கதான் நிக்கறாங்க எல்லாரும்."

மயக்க ஊசி போட்டு, வலையில் சுற்றித் தூக்கி வந்ததைக் காட்டினார்கள். நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. அவன் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"இத்தனூண்டுதான் இருக்குது" என்றான். அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், கொடுக்கும்போது "ரொம்ப நன்றிங்க" என்றும் சொன்னான்.

அதை எந்தக் காட்டில் விட்டார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மலையிலிருந்து எப்படி அவ்வளவு தூரம் வந்தது என்று வனத்துறைக்காரர் ஒருவரைக் கேட்டேன். வாய்க்கால் வழியாக வந்திருக்கலாம் என்றார். தண்ணீர் விடாத காலத்தில் வாய்க்கால் அதற்குச் சாலை மாதிரி என்றார்.

பெரியவர் இரண்டொரு நாள் கழித்து வந்தார். சலவை வேட்டி, கையில் ஆப்பிள் பை. கட்டில் அருகே வந்து நின்று, பையைக் கீழே வைத்தார். அதற்குள் கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. டீக்கடையில் அவரை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க மாப்ள. என்னையன்னு நெனச்சுத்தான் திரும்பி நின்னீங்களாமா?"

தம்பி என்னைப் பார்த்தான். "அப்படியெல்லாம் இல்லீங்க மாமா. வேற ஆரோன்னு..."

"சும்மா சொல்லாதீங்க. ஊரே சொல்லுது. எம்பட பேத்தி காலேஜ்ல இருந்து போன் பண்றா, தாத்தா நீங்க சிறுத்தையாமான்னு." குரலில் சிரிப்பு இல்லை. "பாத்ரூம்பு கட்டி என்ன பிரயோசனம் பாருங்க. கதவச் சாத்துனா எனக்கு மூச்சு முட்டுதுங்க அம்மணி" என்றார் என் பக்கம் திரும்பி. "அதுக்குப்போயி ஒரு மனுசன் தோளு போச்சு."

தம்பியின் மனைவிதான் முதலில் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அப்புறம் பெரியவரும் சிரித்தார். தம்பியும் சிரித்தான் என்று எழுதியிருக்கிறேன். உதடு விரிந்தது. அதைச் சிரிப்பு என்று எழுதியது அப்போதைக்கு.

போகும்போது அவர், பாவு தீர்ந்தால் தன்னிடம் வேலை செய்யும் ஆளை அனுப்பிப் பிணைத்துத் தரச் சொல்வதாகவும், கை சரியாகும்வரை தறி நிற்க வேண்டாம் என்றும் சொன்னார். சொன்னபடி செய்தார்.

காயம் ஆறியது. கை மெல்ல மெல்ல அசைந்தது. தினமும் உடற்பயிற்சி. முழங்கை மடங்கியது, மணிக்கட்டு திரும்பியது, விரல்கள் மூடித் திறந்தன. பங்குனியில் சொம்பைத் தூக்கிவிட்டான். ஆனால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்வு இல்லை. தோளுக்குக் கீழே நரம்பு சேதமாகியிருக்கிறது, அது வளர்ந்து விரல் நுனிக்கு வந்து சேரக் காலம் ஆகும், வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். வராமலும் போகலாம் என்பதை அவர் மறைக்கவில்லை.

அவர் செய்யும் சோதனை எளிமையானது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். பஞ்சால் ஒவ்வொரு விரலையும் தொடுவார். தொடும்போது சொல்ல வேண்டும். முதல் தடவை போனபோது நானும் கூட இருந்தேன்.

"இப்ப?"

"தெரியலீங்க."

"இப்ப?"

"இல்லீங்க."

இப்படியே சில முறை. மருத்துவரும் களைத்துத்தான் இருந்தார். வெளியே வரிசை நின்றது. தம்பிக்கு அது சங்கடமாகிவிட்டது என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"இப்ப?"

"தெரியுதுங்க. இப்ப லேசாத் தெரியுதுங்க டாக்டர்."

மருத்துவர் பஞ்சைத் தூக்கிக் காட்டினார், எனக்கும் அவன் மனைவிக்கும். "நான் இன்னும் தொடவே இல்லீங்களே" என்றார்.

தம்பி கண்ணைத் திறந்தான். மன்னிப்புக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான். மருத்துவர் சிரித்துவிட்டு, எனக்காகச் சொல்ல வேண்டாம், தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள் என்றார். வெளியே வந்ததும் மனைவி அவனைக் கடிந்துகொண்டாள்.

"டாக்டர்கிட்டப் போயும் மருவாதி பாப்பீங்களா? உங்களுக்கு எத்தன பட்டாலும் தெரியாதுங்களா?"

"அவுரு எத்தன தடவதான் கேப்பாரு பாவம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பல்லடம் போய்வருவது அப்போது தொடங்கியது. போய் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. காய் நறுக்கினேன். தறிநாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தேன். அவன் குடோன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நூல்துண்டை அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பான். நூல் விழுந்துவிடும். விழுந்தது தெரியாமல் உருட்டிக்கொண்டிருப்பான். மனைவி வந்து பார்த்து, கீழே கிடக்கும் நூலை எடுத்து விரலுக்கிடையில் திரும்ப வைத்துவிட்டுப் போவாள்.

சித்திரையில் ஒரு நாள் அடுப்பிலிருந்து காப்பிப் பாத்திரத்தை வெறும் விரலால் பிடித்து இறக்கினான். நிதானமாகத் தூக்கி, மேடையில் வைத்து, டம்ளரில் ஊற்றினான். மனைவி அலறிய பிறகுதான் கையைப் பார்த்தான். விரல் நுனி வெளுத்து உப்பியிருந்தது. அவன் அதை யாரோ கொண்டுவந்து காட்டிய பொருள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் குழாயைத் திறந்து கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டேன். எனக்கும் எதுவும் தோன்றவில்லை. தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மதியம் பாத்திரம் விளக்கும்போது அவள் சொன்னாள்: "எனக்கு அவுங்க பொழச்சு வந்ததே போதுமுங்க நங்கையா. கையி அப்படியே இருந்துட்டுப் போகட்டுமுங்க. ஆனா இந்தக் குடோன விட்டுட்டு அவுங்க எங்க போயி உக்காருவாங்கன்னுதான் தெரியலீங்க."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பெரியவரின் ஆள் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான். பாவு பிணைக்க வேறு ஆள் கேட்டால், இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று இழுத்தடித்தார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெரியவருக்குச் சொந்தமாகப் பெரிய குடோன் உண்டு. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கும்போதே வந்தார்.

"மாப்ள, தப்பா நெனக்காதீங்க. தறி சும்மா நின்னா துருப்புடிச்சுப் போகுமுங்க. எம்பட குடோனோட சேத்து ஓட்டிக்கிறன். நீங்க மேப்பார்வை பாத்துட்டு அங்கயே இருங்க. ஒரு முடிவு சொல்லிப்போடுங்க."

தம்பி நூலை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அடுத்த பாவு வரட்டுங்க மாமா. நானே பொணச்சுப் பாக்கறன். முடிஞ்சா இங்கயே ஓடட்டும். முடியலீன்னா சாவிய உங்ககிட்டயே குடுத்துப்போடறன்."

"கண்ணுல பாத்துப் பொணைக்கறதுன்னா ஆராலயும் ஆகாதுங்க மாப்ள, இழைக்கு இழை குனிஞ்சு பாத்தா வாரம் ஓடிப்போகும். வெரல்ல தெரியோணும்."

"தெரிஞ்சா சொல்றனுங்க."

பெரியவர் எழுந்துகொண்டார். மனைவி காப்பி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடியில் பாவு வந்தது. எங்கள் பக்கத்தில் ஆடிக்காற்று என்றால் பேசுவது கேட்காது. காற்றாலைகள் எல்லாம் ஒரே மூச்சாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஞாயிறு நான் போய்ச் சேரும்போது அவன் ஏற்கெனவே தறிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். காற்றுக்கு இழை பறக்காமல் சன்னலெல்லாம் சாத்தி, வாசல் கதவை மட்டும் ஒருக்களித்து வைத்திருந்தார்கள். மனைவி அவனுக்கு எதிரில் நின்று இழை எடுத்துக் கொடுத்தாள். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவன் வாசலைப் பார்க்கவில்லை. யாரோடும் பேசவில்லை. கழுத்தைக் குனிந்து, இழையும் விரலும் சேரும் இடத்தில் கண்ணை வைத்திருந்தான். வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து விழுந்தது. ஒரு முடிச்சு நின்றது. இன்னொன்று நழுவியது. அவள் திரும்ப எடுத்துக் கொடுத்தாள். நழுவுவது நல்ல கைக்கும் உண்டு என்று எனக்குத் தெரியும். எத்தனை நழுவலாம் என்பது எனக்குத் தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் பெரியவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. வேட்டி நுனி காற்றில் அடித்துக்கொண்டது. துண்டால் அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

"என்னுங்க மாப்ள?"

தம்பி நிமிர்ந்தான். ஒரு இழை அவன் இரண்டு விரலுக்கும் நடுவில் இருந்தது. அதை உருட்டினான்.

"தெரியுதுங்க மாமா."

"நெசமாவா?"

"ஆமாங்க. வெடியால இருந்து தெரியுதுங்க. லேசா, வெரலுக்கடியில மொளகு உருண்டாப்புல." என் பக்கம் திரும்பினான். "தெரியுதுங்க்கா. நூலு தெரியுது."

திரும்பினான் என்று எழுதிவிட்டேன். முகம்தான் திரும்பியது. கண் இழையிலேயே இருந்தது.

பெரியவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அப்பறம் என்னுங்க, ஆண்டவன் இருக்கறான்" என்றார். அவருக்குத் தறிகள் கிடைக்காமல் போனதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு என்னிடம், "அம்மணி, நீங்கதான் எல்லாத்தையும் சரியாப் பாத்து எழுதி வெக்கறவங்களாச்சே. இதையும் எழுதிப்போடுங்க, இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு" என்றார்.

கண்ணை மூடிக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். நூலை விரலிலிருந்து எடுத்துவிட்டு, இப்போது என்று கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். தம்பியின் மனைவி கையில் அடுத்த இழையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கேள் என்கிறாளா, கேட்காதே என்கிறாளா என்று இப்போது எழுதும்போதும் சொல்ல முடியவில்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே காடு வெறுமையாகக் கிடந்தது. இந்த வருடம் அவன் சோளம் போடவில்லை. பின்னால் அவள் இழையை எடுத்துக் கொடுப்பதும் அவன் மூச்சு விடுவதும் கேட்டது.

அன்று சாயங்காலம் பாவு பிணைத்து முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. அதற்கடுத்த நாள் தறி ஓடியது என்று போனில் சொன்னாள். சத்தத்தையும் கேட்க வைத்தாள். சாவி அவர்களிடமே இருக்கிறது. மருத்துவரிடம் ஆவணியில் வரச்சொல்லியிருந்தார்கள். பாவு அவசரம் என்று தம்பி போகவில்லை. புரட்டாசியில் போகலாம் என்கிறான்.

அந்த ஞாயிற்றுக்குரிய என் குறிப்பு: "ஆடி, ஞாயிறு. பாவு பிணைத்தான். விரலில் நூல் தெரிகிறது என்று சொன்னான். கண் திறந்திருந்தது. விரலுக்கு உணர்வு வந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை."

இதை எழுதும் இன்றுவரை அந்த வரியில் அடிக்கவோ சேர்க்கவோ எதுவும் இல்லை.